டயர் வாங்கும் முன் எடைமேடைக்குப் போங்கள்

2021 ஜூன். அமெரிக்காவின் டெக்சஸில் சான் அன்டோனியோவிலிருந்து டேவிஸ் மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஐ-10 நெடுஞ்சாலையில் ஓசோனா தாண்டி இருபது நிமிடம் ஆகியிருக்கும். பின்னால், மாடியிலிருந்து அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "டயரு போச்சு" என்றார். ஓரங்கட்டி இறங்கினால் வெயில் 104 டிகிரி. டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் எங்கள் 33 அடி வீட்டு டிரெய்லரின் இடப்பக்கப் பின் டயரில் மேல்தோல் மொத்தமும் உரிந்துவிட்டது. உரிந்த தோல் சுற்றிய சுற்றில் மட்கார்டு பிய்ந்து, சமையலறைக் கழிவுநீர்க் குழாய் உடைந்து, அந்தச் சக்கரத்தின் பிரேக் வயரும் அறுந்திருந்தது. டயரின் விலை நூற்றுச் சொச்சம் டாலர். சரிசெய்ய ஆன செலவு 2,900 டாலர்.

ரோட்டோரத்தில் கிடந்த தோலை எடுத்துப் பார்த்தேன். பட்டன், அதாவது தரையில் படும் மேடுகள், புதுசு மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் சங்ககிரியில் வளர்ந்தவள். என் மாமாவிடம் மூன்று லாரி இருந்தது. லாரியில் டயரைக் குனிந்து பார்த்தால் அதன் வயசு தெரிந்துவிடும்: பட்டன் தேயும், மொட்டையாகும், புது மேல்தோல் ஒட்ட ரீட்ரெடுக்குப் போகும். டிரெய்லர் டயர் அப்படியில்லை. வருஷத்தில் முந்நூறு நாள் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிறது. ஓடுகிற நாட்களில் முழு லோடோடு ஓடுகிறது. பட்டன் தேயும் முன்பே உள்ளே கம்பிப் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆக, பட்டனைப் பார்த்து "இன்னும் ரெண்டு வருஷம் வரும்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். அன்று வரை எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னது நான்தான்.

அதற்கப்புறம் டயர் இலாகா என் கைக்கு வந்தது. நான் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். குழந்தைக்கு மருந்து அளக்கும் முன் எடை கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் நாலு டயருக்கு மேல் என்ன எடை உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கிருந்து தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். எந்த பிராண்டு, எந்த சைஸ் என்ற பேச்செல்லாம் பிறகு.

எடை பார்ப்பது

அமெரிக்காவில் பெரிய டிரக் ஸ்டாப்புகளில் 'கேட் ஸ்கேல்' என்ற எடைமேடை இருக்கும். லாரிகளுக்கானதுதான், ஆனால் நம்மையும் விடுவார்கள். இருபது டாலருக்குள் முடியும் வேலை. 24 மணி நேரத்துக்குள் அதே இடத்தில் மறுபடி ஏறினால் அதைவிடக் குறைவு. மேடை துண்டு துண்டாக இருக்கும். இழுக்கும் வண்டியின் முன் சக்கரம் முதல் துண்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே போங்கள்: தண்ணீர், கேஸ் சிலிண்டர், அரிசி, ஆட்கள் எல்லாவற்றோடும். காலி வண்டியை எடை போட்டு ஒரு பயனும் இல்லை. பிறகு டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு, இழுக்கும் வண்டியை மட்டும் இரண்டாம் முறை ஏற்றுங்கள்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். இரண்டும் சேர்ந்து 17,480 பவுண்டு. டிரக் மட்டும் 7,720. அப்படியானால் டிரெய்லர் 9,760 பவுண்டு. அதில் டிரெய்லரின் சக்கரங்களில் இறங்கியது 8,620. மீதி 1,140 ஹிட்ச் வழியாக, அதாவது டிரெய்லரை டிரக்கோடு மாட்டும் கொக்கி வழியாக, டிரக்கின் மேல். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இருப்பது முறை என்பார்கள், எங்களுடையது 11.7. அது சரி. ஆனால் டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அதிகபட்ச மொத்த எடை 9,700 என்று போட்டிருந்தது. அறுபது பவுண்டு ஓவர்லோடில் ஐந்து வருஷமாகக் குடும்பமாக ஊர் சுற்றியிருக்கிறோம்.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. பலர் இதைச் செய்வதில்லை, செய்தால் நல்லது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போடுவது. டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. (வீட்டு வண்டி) கிளப்பின் தலைமையகம் இருக்கிறது. அங்கே 'ஸ்மார்ட்வே' என்ற பெயரில் சக்கரம் சக்கரமாக எடை போட்டுத் தருகிறார்கள். நாங்கள் போனோம். இடது முன் 2,310, இடது பின் 2,480, வலது முன் 1,870, வலது பின் 1,960.

அந்தத் தாளைப் பார்த்ததும் ஓசோனாவில் போனது ஏன் இடது பின் டயர் என்பது புரிந்துவிட்டது. எங்கள் டிரெய்லரில் வெளியே தள்ளி விரிக்கும் ஸ்லைடு, சோபா, ஃபிரிட்ஜ், சமையலறை எல்லாமே இடப்பக்கம். போதாக்குறைக்கு என் வார்ப்பிரும்பு தோசைக்கல் இரண்டு, டில்டிங் கிரைண்டர் ஒன்று, இருபது பவுண்டு அரிசிப் பை. கிரைண்டரைப் பற்றி இவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பழைய டயர் ஒன்று தூக்கக்கூடியது 2,540 பவுண்டு. நான்குக்கும் சேர்த்து 10,160. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் 8,620-க்குத் தாராளமாக இடமிருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் அந்த ஒரு டயருக்கு மட்டும் 2,480. அறுபது பவுண்டுதான் மிச்சம். சராசரி எண்ணைப் பார்த்து டயர் வாங்கினால் மூன்று டயர் சுகமாக இருக்கும், நாலாவது செத்துக்கொண்டிருக்கும்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது

எங்கள் டயரில் இருந்த எழுத்து எஸ்.டி. 225/75 ஆர் 15, லோடு ரேஞ்ச் டி. எஸ்.டி. என்றால் டிரெய்லருக்கென்றே செய்தது. 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

லோடு ரேஞ்ச் எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. இதே சைஸ் டயர் சி, டி, இ என்று மூன்று வகையில் வரும். சி என்றால் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) காற்றில் 2,150 பவுண்டு. டி என்றால் 65-இல் 2,540. இ என்றால் 80-இல் 2,830. அளவு ஒன்றுதான், காற்று கூடக் கூடத் தூக்கும் எடை கூடுகிறது. சங்ககிரி மாமாவிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்தார். "கண்ணு, லோடைத் தூக்கறது காத்துதான். ரப்பரு அந்தக் காத்தப் புடிச்சு வெச்சிருக்குது, அவ்வளவுதான்" என்றார். இ டயரை மாட்டிவிட்டுப் பழைய பழக்கத்தில் 65 அடித்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கூடுதல் 290 பவுண்டு உங்களுக்குக் கிடைக்காது. தூக்குவது அதே 2,540தான்.

அடுத்தது வேக எழுத்து. எல் என்றால் மணிக்கு 75 மைல், எம் என்றால் 81, என் என்றால் 87. எங்கள் பழைய டயரில் எந்த எழுத்தும் இல்லை. எழுத்து இல்லாத எஸ்.டி. டயருக்கு 65 மைல்தான் வரம்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஓசோனா பக்கம் சாலையில் 80 மைல் வரை போகலாம் என்று பலகை இருக்கிறது. இவர் 75-இல் போய்க்கொண்டிருந்தார். பலகை கார்களுக்கு, நம் டயர் அதைப் படிப்பதில்லை.

கடைசியாக டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட குறியீடு. அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 0816 என்றால் 2016-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். வெடித்த டயரில் இருந்தது அதுதான். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் இல்லையென்றால் கீழே படுத்து உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

என்ன மாற்றலாம், எதை மாற்றினால் வம்பு

மூன்று வழி யோசித்தோம். அதே சைஸில் லோடு ரேஞ்சை டி-யிலிருந்து இ-க்கு ஏற்றுவது ஒன்று. 16 அங்குல ரிம் வாங்கி எல்.டி. 225/75 ஆர் 16 போடுவது இன்னொன்று, எல்.டி. என்பது பிக்கப் டிரக்குகளின் டயர். மூன்றாவது, அதே 16 அங்குல ரிம்மில் எஸ்.டி. 235/80 ஆர் 16.

எல்.டி. போட்டால் கவலையே இல்லை என்று எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் நிறைய. ஆனால் எல்.டி. 225/75 ஆர் 16, லோடு ரேஞ்ச் இ, 80 பி.எஸ்.ஐ.யில் தூக்குவது 2,680 பவுண்டு. 15 அங்குல எஸ்.டி. இ தூக்குவதைவிட 150 பவுண்டு குறைவு. ரிம்முக்கும் சேர்த்துக் காசைக் கொட்டி, குறைவாக வாங்குவதா? எஸ்.டி. டயருக்கு அந்தக் கூடுதல் எண்ணைக் கொடுத்ததே, மெதுவாக ஓடும் என்ற கணக்கில்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் எல்.டி. பிரியர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த 2,680 நிஜமான நெடுஞ்சாலை வேகத்துக்கான 2,680. ஆனால் இரட்டை ஆக்சில், அதாவது இரண்டு சக்கர அச்சு உள்ள டிரெய்லர் ரிவர்ஸில் வளையும்போது பார்த்திருக்கிறீர்களா? முன் டயர் ஒரு பக்கம் இழுக்கும், பின் டயர் மறுபக்கம் இழுக்கும், இரண்டும் தரையில் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு பிதுங்கும். எஸ்.டி.யின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பது அதற்காக. கார் டயரைப் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கார் டயரை டிரெய்லரில் மாட்டினால் அதன் தூக்குதிறனை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி.

235/80 ஆர் 16 இ தூக்குவது தாராளம், 3,400 பவுண்டுக்கு மேல். ஆசையாகத்தான் இருந்தது. அளந்து பார்த்ததும் ஆசை போய்விட்டது. 225/75 ஆர் 15-இன் விட்டம் 28.3 அங்குலம். 235/80 ஆர் 16-இன் விட்டம் 30.8. எங்கள் டிரெய்லரில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 33 அங்குலம். இப்போது இரண்டு டயருக்கும் நடுவே 4.7 அங்குல இடைவெளி; பெரிய டயர் போட்டால் 2.2 தான். டயருக்கு மேலே சக்கரக்கூட்டின் கூரை வரை மூன்றரை அங்குலம் இருந்தது. அது இரண்டே காலாகும். வண்டி பள்ளத்தில் விழுந்தால் ஆக்சில் மேலே ஏறும், டயர் போய்க் கூரையில் உரசும், அந்தக் கூரைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயும் வயரும். மேலே மூன்று அங்குலமாவது வேண்டும் என்பது என் கணக்கு. உங்களிடம் இடமிருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் டிரெய்லர் ஒன்றே கால் அங்குலம் உயரும், ஹிட்ச் மட்டத்தை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

முடிவில் அதே சைஸ், லோடு ரேஞ்ச் இ. குட்இயர் எண்டூரன்ஸ் வாங்கினோம், அமெரிக்காவில் செய்தது, வேக எழுத்து என். அப்போது ஒன்று 160 டாலர் பக்கம். இடது பின் சக்கரத்தின் 2,480 பவுண்டுக்கு இப்போது 2,830 இடம். பன்னிரண்டு சதவீதம் மிச்சம். நாலு மட்டுமல்ல, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கினோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டயரை ஏற்றினால் டிரெய்லர் அதிக எடை தூக்கும் என்று அர்த்தமில்லை. எங்கள் ஆக்சில் ஒவ்வொன்றுக்கும் வரம்பு 4,400. பின் ஆக்சிலில் 2,480-ம் 1,960-ம் சேர்ந்து 4,440 உட்கார்ந்திருந்தது. நீங்கள் விமான டயரே போட்டாலும் ஆக்சில் அதே 4,400தான். அதனால் டயரை ஏற்றியதோடு எடையையும் இறக்கினேன். டேங்கில் 46 கேலன் தண்ணீர், கேலனுக்கு 8.34 பவுண்டு, கிட்டத்தட்ட 384 பவுண்டு. இப்போது கேம்ப்கிரவுண்டுக்குப் பக்கத்தில் போய்த்தான் நிரப்புகிறோம். கிரைண்டர் வீட்டில். மாவைப் பாட்டிலில் ஃபிரீஸ் செய்து எடுத்துப்போகிறேன். தோசைக்கல் ஒன்று வலப்பக்க அலமாரிக்கு மாறியது, இன்னொன்று அண்ணி வீட்டுக்குப் போய்விட்டது. திரும்ப எடை போட்டபோது சக்கரங்களில் 8,190.

ரிம்மும் வால்வும்

80 பி.எஸ்.ஐ. டயரை வாங்கி, 65-க்குச் செய்த ரிம்மில் மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ரிம்மின் பின்புறத்தில் அதிகபட்ச எடையும் சில சமயம் காற்றழுத்தமும் அடித்திருக்கும். கழற்றாமல் தெரியாது, ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சக்கரத்தையாவது கழற்றிப் பாருங்கள். எங்கள் அலுமினிய ரிம்மில் 2,830 என்று இருந்தது, தப்பித்தோம். ஸ்டெப்னியின் இரும்பு ரிம்மில் 2,540 தான். ஸ்டெப்னிக்குத் தனியாக ஒரு ரிம் வாங்க வேண்டியதாயிற்று. புது ரிம் வாங்குகிறவர்கள் போல்ட் எண்ணிக்கையையும் வட்டத்தையும் பார்க்க வேண்டும். எங்களுடையது ஆறு போல்ட், ஐந்தரை அங்குல வட்டம்.

வால்வு இரண்டு டாலர் சாமான். ரிம்மில் சொருகி இழுக்கும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான். 80 அடிக்கப்போகிறீர்கள் என்றால் நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு வேண்டும். நாங்கள் முதலில் போன கடையில் பையன் ரப்பர் வால்வைக் கையில் எடுத்துவிட்டான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் பிழைத்தது. அதே கடையில் ஜாக்கியை ஆக்சில் குழாயின் நடுவில் வைத்துத் தூக்கப் பார்த்தார்கள். ஆக்சிலில் ஜாக்கி வைக்கக் கூடாது, அது வளைந்துவிடும். சேசிஸ் சட்டத்தில்தான் வைக்க வேண்டும். அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பினோம். இப்போதெல்லாம் டிரெய்லரைக் கடைக்குக் கொண்டுபோவதே இல்லை. வீட்டில் ஒரு பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டிரண்டு சக்கரமாகக் கழற்றி டிரக்கில் போட்டுக் கொண்டுபோய் மாட்டி வாங்கி வருகிறேன். பேலன்ஸ் செய்யவும் சொல்கிறேன். தேவையில்லை என்பவர்களும் உண்டு. டயருக்குப் பத்துப் பதினைந்து டாலரில் விவாதம் முடிந்துவிடுகிறது.

நட்டு இறுக்குவது, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச்சால். ஏர் கன்னால் அடித்து முடிப்பதற்கு நான் விடுவதில்லை. எதிரெதிராக, நட்சத்திரம் வரைகிற மாதிரி. முதல் சுற்று 20-25 அடி-பவுண்டு, இரண்டாவது 50-60, மூன்றாவது 90-120. அரை அங்குல போல்ட்டுக்கு டெக்ஸ்டர் ஆக்சில் கம்பெனி சொல்லும் எண்கள் இவை. உங்கள் ரிம்முக்கு வேறு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து 10 மைலில் ஒருமுறை, 25-இல் ஒருமுறை, 50-இல் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். முதல் தடவை 25-ஆவது மைலில் இரண்டு நட்டு கால் சுற்று உள்ளே போனது. அதற்கு முன் இந்த விஷயத்தில் நான் பைத்தியம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

காற்று

காற்றைக் காலையில் பாருங்கள், வெயில் டயரில் விழும் முன், வண்டி நகரும் முன். கிழக்குப் பக்க டயரில் அரைமணி வெயில் பட்டாலே முள் ஏறிவிடும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-இல் அது ஒன்றரை பி.எஸ்.ஐ. டிசம்பரில் 80 அடித்துவிட்டு மே மாதம் அப்படியே கிளம்பலாமா, மே மாதம் அடித்ததை ஜனவரிக் குளிரில் நம்பலாமா என்றால், இரண்டும் கூடாது. ஓடும்போது சூட்டில் பத்துப் பதினைந்து சதவீதம் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து சூட்டோடு காற்றை இறக்கிவிடாதீர்கள். அந்த ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். இறக்கினால் குளிர்ந்த பிறகு காற்று போதாது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கி மேலும் சூடேறும்.

பெட்ரோல் பங்க்கில் இருக்கும் பம்பு 80 வரை போவதற்குள் மூச்சு வாங்கும். வண்டி பேட்டரியில் ஓடும் சொந்த கம்ப்ரசர் ஒன்று வாங்கிவிடுங்கள். கூடவே டி.பி.எம்.எஸ்.: வால்வு முனையில் திருகும் சென்சார்கள், டிரைவர் முன்னால் ஒரு சின்னத் திரை. அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் கத்தும்படியும் இருபது ஏறினால் கத்தும்படியும் வைத்திருக்கிறேன். வெளியே தொங்கும் சென்சாரின் கனத்தைத் தாங்குவதற்கும் உலோக வால்வுதான் சரி. 33 அடிக்குப் பின்னால் ஒரு டயர் காற்றிறங்கினால் ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் ஓடும் மற்ற டயர் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடும். அதனால் ஒரு டயர் வெடித்தால், அதே பக்கத்தில் இருக்கும் ஜோடி டயரையும் தூக்கி எறிந்துவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அது வழக்கமான பாரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமந்த டயர். ஓசோனாவில் நாங்கள் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அந்த ஜோடி டயரிலேயே போர்ட் ஸ்டாக்டன் வரை 50 மைல் வேகத்தில் ஊர்ந்தோம். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

டயரில் 87 மைல் எழுத்து இருந்தாலும் இப்போது எங்கள் வேகம் 63. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கிற எல்லோருக்கும் சட்டமே 55 மைல்தான். அந்தப் பக்கம் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

நிறுத்தியிருக்கும்போது சக்கரத்துக்கு வெள்ளை உறை. டயரைக் கறுப்பாகப் பளபளக்க வைக்கும் எண்ணெயெல்லாம் பூசுவதில்லை. சோப்புத் தண்ணீர் போதும். வருஷத்துக்கு இரண்டு முறை சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றுவேன். தரையில் ஒரு மரத்துண்டை டயருக்கு ஒட்டினாற்போல் நிறுத்திச் சுழற்றினால், எங்காவது புடைப்பு இருந்தால் அந்த இடத்தில் கட்டையைத் தட்டும். பிறகு உள்ளங்கையால் பட்டன் மேல் மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். கம்பிப் பட்டை பிரியத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரியும். 2023 ஏப்ரலில் வலது முன் டயரில் அப்படி ஒரு மேடு தட்டுப்பட்டது. ஒரு பெட்ரோல் பங்க்கில் திரும்பும்போது நடைபாதை விளிம்பில் ஏற்றியிருந்தோம், அந்த டயர்தான். அன்றே மாற்றினேன். காற்று முழுசாக 80 இருந்தது.

வாங்கியதும் டி.ஓ.டி. எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். டயரில் குறை கண்டு திரும்பப் பெறும்போது அவர்கள் உங்களுக்குத் தகவல் அனுப்ப அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

வயசு விஷயத்தில் நான் கறார். ஐந்து வருஷம் முடிந்தால் பட்டன் எப்படி இருந்தாலும் வெளியே. எங்கள் ஐந்தில் நான்கு, 2021-இன் 18-ஆவது வாரத்தில் செய்தவை, அதாவது 1821. 2026 வசந்தத்தில் அவை போகும். கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: ஆறு மாதத்துக்கு மேல் பழைய தேதி இருந்தால் கையொப்பமிட மாட்டேன், உலோக வால்வு, பேலன்ஸ், நட்டு இறுக்குவது வீட்டில் நான். இவர் ஸ்டெப்னியை மட்டும் விட்டுவிடலாமே, அது ஓடவே இல்லையே என்கிறார். ஸ்டெப்னி பின் பம்பரில் ஐந்து வருஷமாக வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் போகிறது.